கடைசிக் காம்பரா

"நா சொல்றதக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்கம்மா..."

"நீ சொன்னதத்தான் டிவியில ஊரு பூராவும் கேட்டுருச்சே பெருமாயி! இனிமே என்னத்தச் சொல்லப் போற?"

"முருகன் அறிய நா வாயத் தொறக்கல..."

"முருகன இதுல இழுக்காத. அவரு எங்க ஊருச் சாமி!"

"ஏம்மா, எங்க சிலோன் கதிர்காமத்துல நிக்கிறவரு மட்டும் வேற ஆளா?"

கண்மணிக்குச் சுருக்கென்றது. அழுதுகொண்டே பேசுகிறவள் இப்படி எதிர்க்கேள்வியும் போடுவாளா? அப்படியானால் இந்த அழுகை எந்தக் கணக்கில் சேர்த்தி?

காலையில் பழனியில் காரேறியவள், கொடைக்கானல் மலையில் இருக்கும் தங்கள் வட்டக்கானல் பங்களாவுக்கு வந்த காலோடு நேரே சமையலறைக்குள் நுழைந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் பெருமாயி தரையில் பீன்ஸைப் பரப்பி வைத்துக்கொண்டு நார் உரித்துக்கொண்டிருந்தாள். 'வாங்கம்மா' என்று எழுந்தவளுக்கு, வந்தவள் மூச்சு வாங்கக்கூட நேரம் தரவில்லை.

முந்தாநாள் அந்தச் செய்தி வந்ததிலிருந்து பழனி வீட்டில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கார் டிரைவர் போன் பேசினால் சமையல்காரி எட்டிப் பார்க்கிறாள். சமையல்காரி கொல்லைக்குப் போனால் கண்மணி பின்னாலேயே போகிறாள்.

டிவியில் ஒரு பெண்ணைக் காட்டினார்கள். முகத்தை இருட்டாக்கி, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது மாதிரி குரலையும் மாற்றியிருந்தார்கள். 'கிருத்திகை அன்னைக்கு, வட்டக்கானல் பங்களாவுல, கடைசிக் காம்பராவுல வச்சுத்தான் பேசுனாங்க' என்றது அந்தக் குரல்.

பேசியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆளுங்கட்சி அமைச்சர். மற்றவர் கண்மணியின் கணவர் சேனாதிபதி. எதிர்வரிசையில் உட்காரும் கட்சிக்குச் சட்டமன்றத் தலைவர்.

கட்சி எம்.எல்.ஏ.க்களில் பாதிப் பேரை இழுத்துக்கொண்டு அவர் அந்தப் பக்கம் தாவுவது. அதற்கு அவருக்கு மந்திரி பதவி. பதிலுக்கு, மலைச்சரிவில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா கேட்டுச் சபையில் இனி வாய் திறக்காமல் இருப்பது. அந்தச் சரிவில் பெரிய ஓட்டல் வரப்போகிறது. இவ்வளவையும் வரிசையாகச் சொல்லிவிட்டது அந்தத் தகர டப்பாக் குரல்.

பட்டாவா? அந்தப் பட்டாதானே சேனாதிபதியை ஆளாக்கியது!

பழனி அடிவாரத்துப் பஞ்சாமிர்தக் கடைக்காரர் மகன் அவர். பாதயாத்திரைக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டபோதுதான் முதன்முதலாக மைக்கைப் பிடித்தார். பிடித்த கை விடவில்லை. நகராட்சிக்குப் போனார், எம்.எல்.ஏ. ஆனார். சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் கூலி வேலை பார்த்துப் பிழைக்கும் குடும்பங்களுக்காக, தாலுகா ஆபீஸ் வாசலில் கொட்டுகிற மழையில் உட்கார்ந்தார். நனைந்த வேட்டியோடு அவர் உட்கார்ந்திருந்த படம் வராத பத்திரிகை இல்லை. அந்தப் படம்தான் அவரைச் சட்டமன்றத்தின் முன்வரிசைக்குக் கொண்டுபோனது.

இன்றைக்குச் சென்னையில் கட்சி எம்.எல்.ஏ.க்கள் கூடியிருக்கிறார்கள். அவரை வைத்துக்கொள்வதா, இறக்கிவிடுவதா என்று முடிவு செய்ய.

'காட்டிக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும் கண்மணி' என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினார். பேசினது உண்மையா என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை என்று சொல்வதுதான் சரி.

ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது கொழுந்தன் சிவமுருகன்.

'மதினி, காம்பராங்கறா பாருங்க. நம்ம சனத்துல எவ ரூமைக் காம்பராங்கறா? சிலோன்ல லயத்து வீடுகள்ல கெடந்துட்டு வந்ததுகதான் அப்படிப் பேசும். நம்ம பங்களாவுல அப்படிப் பேசற பொம்பள யாரு இருக்கா? நீங்களே சொல்லுங்க.'

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அவன் இப்போது வாசலில் ஜீப்போடு நிற்கிறான். கூட நாலைந்து ஆட்கள், கடப்பாரையோடு. கீழே சரிவில் பெருமாயியின் வீடு இருக்கிறது. மதினி ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும்.

"சரி, நா கேக்கறதுக்கு நேரா பதில் சொல்லு." கண்மணி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அன்னைக்கு அவரு அந்த ரூம்ல பேசிக்கிட்டு இருக்கையில, ஒன்ன உள்ள வராத, டீ பிளாஸ்க்கக் கதவுக்கு வெளியவே வச்சுட்டுப் போன்னு சத்தம் போட்டாராம். அவரே சொன்னாரு. வச்சுட்டுப் போகாம அங்கனயே நின்னு காதக் குடுத்துருக்க."

"என்னைய ஐயா சத்தம் போடலம்மா. நா அன்னைக்கு இங்கனயே இல்ல."

"ஓகோ. எங்க போன?"

"ஆயக்குடிக்கு. எம்மகளுக்கு வலி கண்டுருச்சுன்னு மாப்பிள்ள வீட்ல இருந்து தாக்கல் வந்துச்சு. போட்டது போட்டபடி ஓடுனேன்."

"என்னைக்கு?"

"சந்தைக்கு மொத நா. சனிக்கெழம."

"நா கிருத்திகைய அன்னைக்கு எங்க போனன்னு கேக்கறேன், நீ சந்தையச் சொல்றியா? பேச்ச மாத்தாத."

"மாத்தலம்மா. எனக்கு ஞாயித்துக்கெழமச் சந்தைதான் கணக்கு. கிருத்திகை என்னைக்கு வருது, என்னைக்குப் போகுதுன்னு நா எங்க கண்டேன்? அது பழனிக்காரவுக கணக்கு. கூட்டம் வந்தா ஒங்களுக்கு யாவாரம். எனக்கு பஸ்ல நிக்க எடமில்ல, அவ்வளவுதான். அன்னைக்கும் அப்படித்தான், ஆயக்குடி போற வழியில அடிவாரத்துல எறங்கி ஒங்க வீட்டுக்கு வரதுக்குள்ள சேல கிழிஞ்சு போச்சு..."

கண்மணியின் வாயில் தயாராக இருந்த அடுத்த வசை அப்படியே நின்றுபோனது.

சேலை கிழிந்தது. ஆமாம், கிழிந்துதான் இருந்தது. கிருத்திகைக் கூட்டத்தன்று தொகுதி ஆட்கள் சாமி கும்பிட்டுவிட்டு வரிசையாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். யார் வந்தார்கள், யார் சாப்பிட்டார்கள் என்று யாருக்கு நினைவிருக்கும்? ஆனால் கொல்லை வாசல் வழியாகப் பதறிக்கொண்டு வந்தவளை, 'வெறும் வயித்தோட போகாத' என்று அடுப்படியில் உட்கார வைத்துச் சோறு போட்டது கண்மணியேதான். ஒரு டப்பா பஞ்சாமிர்தமும் கொடுத்தாள். கொடி சுற்றிப் பிறந்த அந்தப் பேத்தி இப்போது மூக்கும் முழியுமாக இருக்கிறதாம்.

அப்படியானால் அன்றைக்கு இவள் இங்கே இல்லை.

டிவிக் குரலைத் திரும்ப மனசுக்குள் ஓட விட்டாள் கண்மணி. கிருத்திகை அன்னைக்கு... கடைசிக் காம்பராவுல...

சிவமுருகன் இரண்டாவது வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். முதல் வார்த்தையை விட்டுவிட்டான். பெருமாயி பேசியிருந்தால், சந்தைக்கு முதல் நாள் என்றுதான் சொல்லியிருப்பாள். கிருத்திகையை வைத்து நாள் சொல்கிற பழனிக்காரி எவளும் அறையைக் காம்பரா என்று சொல்ல மாட்டாள்.

இரண்டும் ஒரே வாயில் வருமா? அப்படி ஒரு வாய் எங்கே இருக்கிறது?

"பெருமாயி." அவள் குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது. "ஆயக்குடிக்குப் போகையில பங்களாச் சாவிய யார்கிட்ட குடுத்துட்டுப் போன?"

பெருமாயி குனிந்து பீன்ஸை எடுத்தாள். நாரைக் கிழிக்கிற வேகத்தில் காயே இரண்டாக ஒடிந்தது.

"கேக்கறேன்ல?"

வாசலில் ஸ்கூட்டி வந்து நிற்கிற சத்தம்.

"மாயிம்மா, ஹாட் வாட்டர் இருக்கா? கையெல்லாம் வெறச்சுப் போச்சு." ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டபடி உள்ளே வந்த ஜோதிமணி அம்மாவைப் பார்த்ததும் நின்றாள். "அம்மா! எப்ப வந்தீங்க? கால் பண்ணியிருந்தா லீவ் போட்டிருப்பேன்ல?"

ஒரே மகள். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தங்குவது இந்தப் பங்களாவின் முன்னறையில். பரீட்சை நாள் என்பதால் மதியமே வந்துவிட்டாள்.

"ஒனக்குச் சிரமம் எதுக்குன்னு சொல்லல."

"வெளிய ஜீப்ல யாரும்மா அவங்கள்லாம்? சித்தப்பாகிட்ட கேட்டா, அம்மாவக் கேளுங்கறாரு."

"பெருமாயி வீட்டக் காலி பண்ண வந்துருக்காங்க. டிவியில பேசுனது இவதானாம்."

ஜோதிமணி சட்டென்று பெருமாயியைப் பார்த்தாள். பெருமாயி தலையை ஆட்டினாள், லேசாக, வேண்டாம் என்பது போல. அதைக் கண்மணி பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி எழுந்து முந்தானையை உதறினாள்.

"சரி, அத அப்புறம் பாப்போம். நா இன்னைக்கு இங்கதான் தங்கப் போறேன் ஜோதி. வந்த அலுப்பு, கொஞ்சம் படுக்கணும். எது சுத்தமா இருக்கு?"

"என் ரூம்ல ஒரு கட்டில்தான், மத்த ரூம்ஸ் எல்லாம் ஈரம்மா, செவுரெல்லாம் பாசி. கடைசிக் காம்பராவுலதான் படுக்க முடி..."

நாக்கு பாதியில் நின்றது.

கண்மணி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பீன்ஸ் தட்டு தரையில் உருண்டது. "நாந்தாம்மா!" பெருமாயி இடையில் வந்து விழுந்தாள். "டிவியில பேசுனது நாந்தான். ஒட்டுக் கேட்டதும் நாந்தான். என்னைய என்ன வேணாப் பண்ணுங்க. இந்தா, எந்திரிச்சுப் போயிடறேன்."

"இப்பத்தான ஆயக்குடின்ன?"

"பொய் சொன்னேன்."

"பேத்தி பொறந்ததும் பொய்யா? எங்க அடுப்படியில ஒக்காந்து ரசஞ்சோறு தின்னதும் பொய்யா? நடிக்கத் தெரியாதவ ஏன்டி நடிக்கிற?"

"என்ன மதினி, ஒத்துக்கிட்டாளா?" சிவமுருகன் உள்ளே வந்துவிட்டான். கதவுக்கு வெளியே எவ்வளவு நேரமாக நின்றானோ. கஞ்சி போட்ட புது வெள்ளைச் சட்டை, துக்க வீட்டுக்கும் போகலாம், பதவியேற்புக்கும் போகலாம் என்பது மாதிரி. "எங்காதாலயே கேட்டேன், நாந்தான்னா. போதும். ஏலே, வண்டியத் திருப்புங்கடா!"

"இருங்க தம்பி. அவரு போன் வரட்டும்."

"போன் வந்து என்னத்துக்கு? அதான் அண்ணன எடுத்துட்டாங்கள்ல."

கண்மணி மெதுவாகத் திரும்பினாள். "எடுத்துட்டாங்களா? கூட்டம் இன்னும் முடியலன்னு இப்ப வர்ற வழியில கார் ரேடியோவுல சொன்னான். ஒங்களுக்கு யாரு சொன்னா?"

சிவமுருகன் சட்டைக் காலரைச் சரி செய்தான். "எடுத்துருவாங்கன்னு சொல்ல வந்தேன் மதினி. வாய் கொழறிருச்சு."

"கொழறுன வாய்க்குக் கொஞ்சம் தண்ணி குடிங்க. முன்பக்கம் ஆபீஸ் ரூம்ல போயி ஒக்காருங்க. நா கூப்புடற வரைக்கும் ஒரு பய அந்தச் சரிவுல எறங்கக் கூடாது."

அவன் போனான். மனசில்லாமல் போனான். கண்மணி அவன் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தைத் தாண்டும்வரை காத்திருந்து கதவைச் சாத்தினாள்.

"ஏன்டி?" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

ஜோதிமணி அழவில்லை. "மாயிம்மா வீடு அந்தச் சரிவுலதாம்மா இருக்கு."

"அன்னைக்கு நீ மதுரைக்குல்ல போயிருக்கணும்? பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு டூரு?"

"பஸ் ரிப்பேர். கேன்சல் ஆயிருச்சு. வந்தா மாயிம்மா சாவியக் குடுத்துட்டு ஓடறாங்க. அப்பறமா ரெண்டு கார் வந்துச்சு. அப்பா சத்தம் கேட்டுச்சு, சந்தோசமா டீ போட்டு எடுத்துட்டுப் போனேம்மா. உள்ள வராத, வச்சுட்டுப் போன்னாரு. மாயிம்மான்னு நெனச்சுக்கிட்டாரு. அப்புறம் அந்த மினிஸ்டர் சிரிச்சாரு. 'அந்தச் சிலோன்காரங்க என்ன பண்ணுவாங்க'ன்னு கேட்டாரு. அதுக்கு அப்பா, 'மழையில நானே போய் ஒக்காந்தாத்தான் அதுக ஒக்காரும், இல்லன்னா அததுக சோலியப் பாத்துட்டுப் போயிரும்'னாரும்மா."

"அவருகிட்டயே கேட்டுருக்கலாம்ல? பெத்த அப்பன்கிட்ட கேக்க ஒனக்கு டிவிக்காரன் வேணுமா?"

"கேட்டேன். மறுநாள் போன்ல, பட்டா என்னாச்சுப்பான்னு கேட்டேன். 'வர்ற கூட்டத்தொடர்ல பாரு, சபையே அதிரும்'னாரு. ஒரு தடுமாத்தம் இல்லம்மா அந்தக் குரல்ல." ஜோதிமணி பெருமாயியின் பக்கம் திரும்பினாள். "முகத்த மறச்சாப் போதும்னு நெனச்சேன். மாயிம்மா மேல வந்து விழும்னு நெனைக்கவே இல்ல. எப்படி வந்துச்சுன்னே இப்பவும் புரியல."

"ரூம்னு சொல்லிருந்தேன்னா வந்துருக்காது. காம்பரான்ன."

"நானா? நா அப்படியா சொன்னேன்?"

இவளுக்கே தெரியவில்லை. இவள் பேச்சு பழகிய வயதில் கண்மணி ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தாள், கணவருக்குப் பின்னால் கும்பிட்ட கையோடு. அப்போதுதான் சிலோனிலிருந்து வந்து இறங்கியிருந்த பெருமாயியின் இடுப்பில் இருந்தது குழந்தை. அடுப்பு, நிலா, நாய்க்குட்டி எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தது அந்த வாய். காம்பராவும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். கண்மணிக்கு உள்ளே எழுந்தது கோபமா, பொறாமையா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

போன் அடித்தது.

கடைசி அறைக்கும் ஆபீஸ் அறைக்கும் சமையலறைக்கும் ஒரே லைன். கண்மணி பாய்ந்து எடுத்தாள்.

"என்னங்க?"

"முடிஞ்சு போச்சு கண்மணி." சேனாதிபதியின் குரல், கூட்டம் கலைந்த மைதானம் மாதிரி இருந்தது. "கையத் தூக்கச் சொன்னாங்க. நா சீட்டு வாங்கிக் குடுத்த பயலுகளே மொதல்ல தூக்குனானுக. நா பேசணும்னு எந்திரிச்சேன். மைக்க எடுத்துட்டுப் போயிட்டான்."

"கெளம்பி வந்துருங்க. பேசிக்கிடலாம்."

"வர்றேன். அதுக்கு முன்னாடி அங்க ஒரு சோலி பாக்கி இருக்கு. விசாரிச்சியா? அந்தப் பெருமாயிதானே?"

லைனில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு மூச்சு. ஆபீஸ் அறையில் சிவமுருகன் ரிசீவரை எடுத்துவிட்டான்.

"கண்மணி? கேக்குதா? நீ ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு போதும். இருட்டுறதுக்குள்ள அந்த வீடு அங்க இருக்கக் கூடாது. இந்த மலையில அவளுக்கு ஒருத்தன் கூலி குடுக்கக் கூடாது."

ஜோதிமணி கையை நீட்டினாள். "என்கிட்ட குடுங்கம்மா. நானே சொல்லிடறேன்," என்றாள் மெதுவாக. கண்மணி ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு முதுகைத் திருப்பினாள்.

திரும்பிய பக்கம் பெருமாயி நின்றிருந்தாள். 'ஆமான்னு சொல்லுங்க' என்று அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஆமா. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் மகள் தப்பித்தாள். கணவருக்கு ஆத்திரம் தீர்ந்தது. பெருமாயியே சம்மதிக்கிறாள், பிறகென்ன? இத்தனை வருடம் இந்த மனிதர் சொன்ன எதற்குத்தான் அவள் ஆமாம் போடவில்லை?

"பெருமாயி இல்லங்க," என்றாள் கண்மணி.

"என்ன சொன்ன?"

"அவ இல்ல. கிருத்திகை அன்னைக்கு அவ பழனியில நம்ம வீட்ல இருந்தா. எங்கையால சோறு போட்டேன். அவ வீட்டு மேல எவனாச்சும் கைய வச்சா நா தெருவுல நின்னு இதச் சொல்லுவேன்."

லைனில் ஆபீஸ் அறை மூச்சு நின்றுவிட்டது. ஜோதிமணி பின்னாலிருந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள்.

மறுபடி சேனாதிபதி பேசியபோது குரலில் சூடே இல்லை. சபையில் அமைச்சர்களை மடக்குவதற்கு முன்னால் அவர் இப்படித்தான் தணிந்து, பாசமாகக் கேட்பார்.

"அப்ப, அன்னைக்கு நம்ம பங்களாவுல வேற யாரு இருந்தா கண்மணி?"